லிஃப்ட்டுக்குள் நுழைந்த பலகை

காலையில் மைசூர் ஹெப்பாள் பஸ்ஸில், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: “லிஃப்ட்ல நுழையுமான்னு மட்டும்தான் குரு பாத்தேன்.”

கடலில் அலைமேல் சறுக்கும் சர்ஃப் போர்டைச் சொல்கிறார். மங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கியிருக்கிறார்.

“வித்தவர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னார். புதுசா கத்துக்கறவங்களுக்கு நீளமா, தடியா இருக்கணும், ஒம்பதடி போர்டை எடுங்கன்னார். நான்தான் ஆறடியை எடுத்தேன்.”

“மைசூர்ல இருந்துட்டு உனக்கு எதுக்கு மாராயா இது? சாமுண்டி மலையில சறுக்கவா?”

“சிரிக்காத. ஆசை என் வீட்டுக்காரிக்கு. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே. நாலு ஞாயித்துக்கிழமை போனோம். ஏறினதும் கவுந்துடுது. தனக்கு இதெல்லாம் வராதுன்னு முடிவு பண்ணிட்டா. இனிமே கடலுக்கே வரலைங்கறா.”

“தப்பு போர்டோடதுன்னு சொல்லேன்.”

“சொன்னேன். சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைக்கறா.”

“அப்ப அந்த ஒம்பதடியை வாங்கிடு.”

“கேட்டேன். வித்துட்டாராம்.”

“அன்னிக்கே வாங்கி, படியில தூக்கிட்டுப் போயிருக்கலாமே. உன் வீடு எத்தனாவது மாடி?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முதல் மாடி.”