பார்லி அறை வெளிச்சம்

தேநீருக்கு நன்றி. விசாரணைக் குழு என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்.

உங்களில் யாரும் பயிரைத் தொட்டவர்களாகத் தெரியவில்லை. அதனால் பார்லியிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண பார்லி, பகல் நீளும்வரை பூக்காமல் காத்திருக்கும். வட நாடுகளில் கோடை வந்த கையோடு போய்விடும். காத்திருந்த பயிர் முற்றுவதற்குள் குளிர் பிடித்துவிடும். மரபணுவில் ஒரு சின்னப் பழுது இருந்தால், பார்லி பகலின் நீளத்தைப் பார்க்காமல் முந்திப் பூக்கும். அப்படியொரு பழுதைத்தான் இந்த லண்டன் ஆய்வுகூடத்தில் தலை நரைக்கும்வரை தேடினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துசியந்தி இரண்டாம் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

விளக்குகளைச் சில மணி நேரம் மட்டும் எரியவிட்டுப் பகலைக் குறைத்து வைத்திருந்த அறையில் அவளுடைய பார்லி மட்டும் பூக்க வேண்டும், சாதாரண பார்லி பூக்கக் கூடாது. அவளிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான். அவள் வீட்டுக்குப் போனபின் என் கணினியிலிருந்து அந்த அறை விளக்குகளைப் போட்டுவிடுவேன். பகல் நீண்டுவிட, எல்லாச் செடிகளும் ஒன்றாகப் பூத்தன. விளக்குப் போடுவது குற்றம் என்று நான் எங்கும் படித்ததில்லை.

ஒருநாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். காலடி கேட்டதும் அணைத்துவிட்டேன். மறுநாள் என்னிடம்தான் வந்து சொன்னாள். இங்கே அவளுக்கு ஊர்க்காரன் நான் ஒருவன்தானே.

"அண்ணை, கதவுக்குக் கீழால வெளிச்சம் தெரிஞ்சது. திறந்தால் இருட்டு."

"நானும் அந்தப் பக்கம் வந்தனான் பிள்ளை. இருட்டாத்தான் கிடந்தது. நீ நித்திரை கொள்ளுறேல்லை போல."

பிறகும் சில தடவை கண்டாள். கடைசியில், "எனக்குத்தான் என்னவோ பிழை, என்ன அண்ணை?" என்று அழுதாள். டூட்டிங்கில் உள்ள டொக்டரிடம் நானே காரில் கூட்டிப்போனேன். மாத்திரை வாங்க வரிசையில் நின்றதும் நான்தான்.

தன் முடிவுகள் பிழை என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டாள். வேலையோடு விசாவும் போக, ஊருக்குப் போய்விட்டாள். விதையை எறியச் சொன்னாள். நல்ல விதையை எறிய மனம் வருமா? அதையே புது ரகமாக என் பெயரில் வெளியிட்டேன். இப்போது அவள் மேசையில் மிஞ்சியிருந்த விதையைச் சோதித்துவிட்டு, அதுவும் என் ரகமும் ஒன்றென்கிறீர்கள். ஓம், ஒன்றுதான்.

இதை அவளுக்குத் தெரிவிக்கப் போகிறீர்களாம். அதை மட்டும் செய்யாதீர்கள். தன் கண்ணை நம்பக் கூடாது என்று இப்போதுதான் பழகியிருக்கிறாள். ஒழுங்காக நித்திரையும் கொள்கிறாளாம். அவள்மேல் எனக்கிருக்கும் அக்கறையில் பாதியாவது உங்களுக்கு இருக்க வேண்டாமா?