கார் முகப்பில் கத்திய பெட்டி

என் கணவர் டூயேன் கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர். அடக்கத்துக்கு வந்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதி இறந்தவரைப் பற்றி அப்படிச் சொல்வது சற்று தாராளமான பாராட்டுதான். ஆனாலும் துக்க வீட்டுக்குக் கையில் சூடான பதார்த்தங்களோடு வந்தவர்களிடம் மறுத்துப் பேசுவது பண்பல்ல.

விபத்தன்று எனக்குக் காப்பி வாங்கித் தந்த போலீஸ்காரர் நீங்கள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த என்னைப் பார்த்து, "பனிக்காலத்துல இப்படித்தாம்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இப்படி எழுதவேண்டி வந்திருக்காது.

டூயேன் பனி அள்ளும் இயந்திரங்களை விற்றார். மேல் மிச்சிகன் முழுவதும் அவருக்கு வாடிக்கையாளர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆகவே எங்கே போனாலும் அவர் பக்கத்து இருக்கைதான். எங்களுக்கு நடுவில், முன்கண்ணாடியை ஒட்டி, அந்த ரேடார் டிடெக்டர் உட்கார்ந்திருக்கும். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உங்களைப் போன்றவர்கள் வேகம் அளக்கும் கருவியை நீட்டினால், அந்த அலையை மோப்பம் பிடித்துக் கத்தும். கத்தியதும் டூயேன் பிரேக்கை மிதிப்பார். வேகத்தைப் பார்த்துவிட்டு மிதிப்பது கிடையாது. மிதித்த பிறகுதான் பார்ப்பார். அந்தப் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் கால் காதிலேயே இருக்கிறது.

மளிகைக் கடையின் தானாகத் திறக்கும் கதவுக்குக்கூட அது கத்தும். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் கதவுக்கு மரியாதை செய்வதுபோல் எங்கள் கார் தலை குனிந்து நிமிரும்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க, டூயேன்" என்று நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"போலீஸ் நின்னா பெட்டி சொல்லும். நீ எதுக்கு இன்னொரு பெட்டி?"

ஒருநாள் என் கைபேசியைப் பெட்டியை ஒட்டி முகப்பில் வைத்துக்கொண்டு என் தங்கை டோனாவை அழைத்தேன். எதிர்முனையில் மணி அடிக்கும் முன்பே பெட்டி அலறியது. டூயேன் மிதித்தார். நெடுஞ்சாலையில் நாங்கள் ஆமையானோம்.

"எந்த மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான் பாரு, திருட்டுப் பய" என்றார். எந்த மரத்துக்குப் பின்னாலும் யாரும் இல்லை. சற்றுத் தள்ளி இன்னொரு தடவை அழைத்துப் பார்த்தேன். மறுபடி மிதித்தார். திருமணமான நாளிலிருந்து என் பேச்சை அவர் கேட்டது அப்போதுதான். அந்த மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை.

அதன்பின் பள்ளிக்கூட வாசல், முதியோர் விடுதித் திருப்பம் என்று எனக்கு வேண்டிய இடங்களில் கார் மெதுவானது. ஊருக்கு நான் செய்த சேவை இது. யாரும் பட்டயம் தரவில்லை.

பெட்டியை விற்ற லீராய்க்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவன் பட்டறையில் நாங்கள் எண்ணெய் மாற்றக் காத்திருந்தபோது, பெட்டி காரணமில்லாமல் கத்துகிறது என்று டூயேன் புலம்பினார். லீராய் கையைத் துடைத்துக்கொண்டே, "போனைப் பெட்டிகிட்ட வெச்சிருப்பேப்பா. போனு லைன் பிடிக்கிறப்ப அது சும்மா கத்தும்" என்றான்.

"என் போன் என் சட்டைப் பையிலதான்டா இருக்கு."

"அப்ப எலைனோட போனு?" என்று என்னைக் காட்டினான்.

டூயேன் வாய்விட்டுச் சிரித்தார். "இவளா? இவளுக்கு அதை ஆன் பண்ணவே நான்தான் வேணும்."

நானும் சிரித்தேன். குடும்பத்தில் ஒருவர் சிரிக்கும்போது மற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நன்றாக இருக்காது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மகள் கிறிஸ்டிக்குப் பதினைந்து வயதாகி, பழகுநர் உரிமம் கிடைத்தது. அப்பாதான் கற்றுக்கொடுப்பார் என்று முடிவானது; அவரே முடிவு செய்தார். பிறந்தநாளுக்கு அவளுக்கென்று ஒரு பெட்டியைப் பொட்டலம் கட்டி, ரிப்பனும் முடிந்து கொடுத்தார்.

"இங்க பாருடி கண்ணு, இது கத்துனா பிரேக்கு. கத்தலைன்னா நல்லா அமுக்கு. டிரைவிங்னா இவ்வளவுதான்."

"ரோட்டைப் பாக்க வேணாமாப்பா?"

"அதுக்குத்தான் அவ்வளவு பெரிய கண்ணாடி போட்டிருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவர் ஒரு மானை அடித்துத் தூக்கியபோது பின்னிருக்கையில் இருந்தவள் அவள். அவளை அந்தக் காரில், அந்தப் பாடத்தோடு, சாலைக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தாயால் அது முடியுமா, நீங்களே சொல்லுங்கள். முதல் வகுப்பு சனிக்கிழமை என்று குறித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கக் கிளம்பினோம். வெயில் பளிச்சென்று இருந்தது, குளிர் மட்டும் விடவில்லை; சாலை காய்ந்திருந்தது. ஆற்றுப்பாலத்துக்கு முன்னால், பாலத்தில் சாலைக்கு முன்பே பனி உறையும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறீர்கள். அதைப் படித்தேன். பல ஆண்டுகள் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான்; கண்ணில் படும் எதையும் படிக்காமல் விட மாட்டேன். டூயேன் பலகைகளைப் படிப்பதில்லை. பாலத்தின் மேல் தார் மட்டும் ஈரம்போல் பளபளத்தது. அது ஈரமல்ல, வழுக்கும் பனிக்கட்டிப் படலம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

முன் சக்கரங்கள் பாலத்தில் ஏறியதும் கைபேசியைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து எங்கள் வீட்டு எண்ணை அழுத்தினேன். வீட்டில் யாரும் இல்லை. யாரோடும் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டி கத்தியது. டூயேன் மிதித்தார். "இங்க எங்கடா வந்து..." என்றார். கார் அவசரமே இல்லாமல் சுற்றியது. சுவர் அவர் பக்கமாக வந்தது.

ஆக, நான்தான் கொன்றேன். இதை விபத்து என்று எழுதி மூடிய உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் காரணத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: மகளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பள்ளிப் பேருந்து வரும் முன்பு கிறிஸ்டி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "அம்மா, நான் அப்பாகிட்ட கார் ஓட்டக் கத்துக்கப் போறதில்லை. டோனா சித்திகிட்டக் கேட்டுட்டேன், அவங்க கத்துத் தர்றாங்களாம். நேத்தே அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். கத்துவாருன்னு பார்த்தேன், சரி போன்னுட்டாரு" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டேன். நல்ல முடிவு என்றும் சொன்னேன்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.