இஸ்திரி மேசைக்குப் பின்னால் அம்மா

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கடை வெளிச்சத்தில் படம் பார்த்து முடிவு செய்வது. கடையில் எல்லாப் பெட்டியும் பளிச்சென்றுதான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் முதலில் விளக்கை அணைக்கச் சொன்னேன்.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எனக்கு அது சிரமம் இல்லை. ஒன்பது வருடமாக வீட்டிலிருந்தே தொலைபேசியில் பிறர் குறை கேட்கிற வேலை. துணி துவைக்கும் இயந்திரம் சுற்றவில்லை, குளிர்பெட்டி குளிரவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் குரலை உயர்த்த மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். ஆள் வரமாட்டார் என்று தெரிந்தால் ‘நாளைக்கு வந்துவிடுவார்’ என்று சொல்லாமல், ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்பேன். அது உண்மைதானே.

அம்மா எட்டு மாதத்துக்கு முன்னால் இறந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு அதற்கு முன்பே ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. இறுதிக் காரியம் முடிந்து வந்த அன்றே சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அவ எங்க?” என்று கேட்டார்.

“அம்மா இறந்துட்டாங்கப்பா.”

அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அரை மணி கழித்து மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினொரு முறை. பெற்ற தகப்பன் ஒரே நாளில் பதினொரு முறை மனைவியை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

கீழ்வீட்டு அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. “கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லேன்டி. வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?” என்றாள். அக்கா நல்லவள். ஆனால் எனக்கு அது வரவில்லை. அப்பா என்னை அப்படி வளர்க்கவில்லை.

பிறகு அழுகை கோபமாக மாறியது. என் அறைக் கதவைத் தட்டி, “அவள எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?” என்று கத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அது கேட்கும். அலுவலகத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை. வேறு ஊரில் இருக்கும் அண்ணன், “முதியோர் இல்லத்துல விட்டுடலாமே” என்றான். ஒரே பிள்ளைபோல வளர்ந்தவன், அவனுக்குச் சொல்வது சுலபம். அப்பாவை முகம் தெரியாதவர்கள் கையில் ஒப்படைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் அப்பாவுக்குப் போட்டுக் காட்டிய காணொளிப் பதிவு அண்ணனுடையதுதான். போன வருடம் புதுக் கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, அம்மா துணி தேய்ப்பதை எடுத்திருக்கிறான். நிறுத்த மறந்துவிட்டான். நாற்பத்தேழு நிமிடம். பின்னால் கறுப்புத் திரைச்சீலை, முன்னால் இஸ்திரி மேசை, நடுவில் அம்மா. தேய்க்கிறாள், மடிக்கிறாள், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பொத்தானைத் தைக்கிறாள். நிமிர்ந்து, “ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்” என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, “சாப்பிட்டீங்களா? நான் இன்னும் சாப்பிடவே இல்ல” என்கிறாள்.

வீட்டிலிருந்த பழைய பெட்டியில் போட்டுக் காட்டினேன். அதில் அம்மா சாண் உயரம். அப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்கே பொம்மை காட்டறியா?” என்றார். அம்மாவின் முகத்தைச் சுற்றிலும் திரை சாம்பலாக வெளிறிக் கிடந்தது. அளவும் போதாது, கறுப்பும் போதாது என்று அன்றே புரிந்துகொண்டேன்.

அம்மா ஐந்தடி. மேசையின் உயரத்தைக் கழித்தால் இரண்டே கால் அடிக்குக் கொஞ்சம் மேல். படத்தில் தலைக்கு மேல் இருக்கும் இடத்தையும் சேர்த்தால், அதற்குக் குறுக்களவில் எழுபத்தேழு அங்குலப் பெட்டி வேண்டும். இந்தக் கணக்கோடுதான் கடைக்குப் போனேன். மூன்றாவது கடையில், காதில் பேனா செருகிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார்.

“விளையாட்டு பாப்பீங்களா மேடம், சினிமாவா?”

“ஒரே ஒரு படந்தான். நானே கொண்டுவந்திருக்கேன்.”

முதலில் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார். அதில் திரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் குட்டி விளக்குகளாம். படம் கண்ணைப் பறித்தது. ஆனால் விளக்கை அணைத்ததும் அம்மாவின் தோளைச் சுற்றி ஒளி கசிந்தது. வேண்டாம் என்றேன். அடுத்ததற்குக் கூட்டிப்போனார்.

“இதுல பின்னாடி விளக்கே கிடையாது மேடம். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்புன்னா நெஜமாவே அணைஞ்சிடும். இருட்டுல பெட்டி எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.”

போட்டார். இருட்டில் அம்மா நின்றாள். சட்டமில்லை, கண்ணாடி இல்லை, அம்மா மட்டும். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்த மனிதர் தன்னையறியாமல் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“யாரு மேடம்?”

“எங்க அம்மா.”

“சௌக்கியமா இருக்காங்களா?”

“இல்ல.”

துணி வாங்குகிறவர்கள் நிறம் பார்ப்பது போல, அம்மாவின் கன்னத்து நிறம் சரியாக வரும்வரை நான்தான் அதையும் இதையும் மாற்றச் சொன்னேன். அவர் பொறுமையாகச் செய்துகொடுத்தார். அவருடைய வாக்குமூலத்தில் என்னைப் பற்றித் தவறாக எதுவும் இருக்காது என்று நம்புகிறேன்.

அப்பாவின் அறையில் பெட்டியைப் பொருத்தி, முன்னால் அதே இஸ்திரி மேசையைப் போட்டேன். ஜன்னலுக்கும் கறுப்புத் துணி கட்டினேன். படம் முடிந்ததும் தானே மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்தேன். பதிவில் ஒரே ஓர் இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். அதில் அம்மா, “குட்டி, ஒரு கை குடேன்” என்று என்னைக் கூப்பிடுகிறாள். அதைக் கேட்டால் அப்பாவும் குட்டி, குட்டி என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார், வேலை கெடும். வெட்டிய துண்டை என் கைபேசியில் வைத்துக்கொண்டேன். தினமும் மதியம் கேட்பேன்.

முதல் நாள் அப்பா உள்ளே போனார். அம்மா நிமிர்ந்து, “ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்” என்றாள். அப்பா, “இங்கதான் இருந்தியா? இந்தப் பொண்ணு என்னென்னவோ சொல்றா” என்றார். நான் வாசலில் நின்றிருந்தேன். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. பெட்டியைப் போட்டேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீடு அமைதியாக இருந்தது. தட்டில் சோறு போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு உட்காருவேன். மூன்று வேளையும் நேரம் தவறியதில்லை. மாலையில் தட்டு காலியாக இருக்கும். நான்காம் நாள்தான் திரையில் கறை பார்த்தேன். சரியாக அம்மாவின் வாய் இருக்கும் இடத்தில், பருக்கையும் குழம்புமாக. கீழே மேசையில் மிச்சமெல்லாம் கொட்டிக் கிடந்தது.

மறுநாள் கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா, “நான் இன்னும் சாப்பிடவே இல்ல” என்றதும் அப்பா பதறிப்போய்க் கவளத்தை உருட்டி, மேசைமேல் சாய்ந்து நீட்டினார். “வாயத் தொற. எனக்கு அப்புறம் போட்டுக்கறேன்.” சோறு வழிந்தது. “கண்ணாடி மூடியிருக்கு போல” என்று தடவிப் பார்த்தார். மறுபடியும் நீட்டினார். தட்டு காலியாகும்வரை நீட்டினார். நாற்பத்தேழு நிமிடத்துக்கு ஒருமுறை அவள் பட்டினி என்கிறாள். மனுஷனுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

திரையை மென்மையான துணியால்தான் துடைக்க வேண்டும், அழுத்தக் கூடாது, நேரடியாகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. அப்படியே துடைத்தேன்.

ஏழாம் நாள் வாக்கில் அப்பா நடப்பது குறைந்தது. கதவைத் தட்டுவது நின்றது. அந்த மாதம் வாடிக்கையாளர்கள் எனக்குக் கொடுத்த மதிப்பெண் எங்கள் பிரிவிலேயே முதலாவது.

கீழ்வீட்டு அக்காவைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். பத்தொன்பதாம் நாள், மொட்டைமாடிச் சாவி கொடுக்க வந்தவள் அப்பாவின் அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அப்பா கையில் கவளத்தோடு நிற்பதை அக்கா பார்த்தாள். கொஞ்சமும் யோசிக்காமல், “அவங்க சாப்பிட்டாச்சு. இப்பதான் என்கூட உக்காந்து சாப்பிட்டாங்க. நீங்க சாப்பிடுங்க” என்றாள். அப்பா, “அப்படியா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இது ஒரு வார்த்தைடி. தினமும் சொல்லு” என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எழுந்து வந்து என் கதவை இடித்தார். “அவ ஏன் வெளிய வரமாட்டேங்கறா?” என்று கத்தினார். நான் பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மறுநாள் அக்காவிடம், அப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு கறை கீழே இறங்க ஆரம்பித்தது. முதலில் அம்மாவின் தாடையில் இருந்தது. பிறகு கழுத்தில். அப்பாவால் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபிறகு, துணி மடிக்கும் அவள் கையருகே. துடைத்துக்கொண்டே வந்தேன், எனக்குத் தெரியும். தண்ணீர் மட்டும் அவரே குடித்தார். தாகமாக இருக்கிறது என்று அம்மா பதிவில் எங்கும் சொல்லவில்லை.

அண்ணன் காணொளியில் கூப்பிட்டபோது அப்பாவைக் காட்டினேன். “ரொம்ப மெலிஞ்ச மாதிரி இருக்காரே?” என்றான். “வயசாகுதுல்ல” என்றேன். வயதாகத்தானே செய்கிறது. “எவ்வளவு அமைதியா இருக்காரு. உன்ன மாதிரி யாரும் பாத்துக்க முடியாது” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

‘இன்னும் சாப்பிடவே இல்ல’ என்ற இடத்தை வெட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். வெட்டியிருக்கலாம். இன்னொரு துண்டை வெட்டியவள்தானே நான். இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நினைத்துவிட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.

நாற்பத்தோராம் நாள் காலை. தட்டு மடியில் இருந்தது. கை திரைவரை எழவில்லை; ஒரு கவளம் விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. நான் துணியோடு பக்கத்தில் நின்றேன். அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார். பல மாதங்களுக்குப் பிறகு என்னை அடையாளம் தெரிந்தது.

“குட்டி,” என்றார். “அவ சாப்பிட்டாளா?”

எனக்கு நெஞ்சு உடைந்துபோனது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். ‘சாப்பிட்டாங்கப்பா’ என்று சொன்னால் அந்தக் கவளம் அவர் வாய்க்குப் போகும். அக்கா சொன்ன அன்று பார்த்தேனே. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். சிணுங்கவில்லை, கத்தவில்லை. நான் பேசாமல் நின்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மதியம் போனபோது கவளம் கையில் காய்ந்திருந்தது. அம்மா, சாப்பிட்டீங்களா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பட்டினி போட்டது நான்தான். தெரிந்தே செய்தேன். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் என்மீது சொல்ல முடியாது. கடைசிவரை அப்பாவிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.