ரெண்டு ரூவா நாப்பது சதம்

குறையுமா கூடுமா எண்டு என்னட்டக் கேக்காதீங்க தம்பி. நான் காசு மாத்துறவன், சாத்திரம் சொல்றவன் இல்ல. இண்டைக்கு ஒரு இந்தியன் ரூவாவுக்கு நம்மட காசில ரெண்டு ரூவா நாப்பது சதம். வேணுமெண்டா இப்பவே எண்ணித் தாறன். அடுத்த கிழமை வாறன் எண்டு மட்டும் எழும்பாதீங்க. இரிங்க. இந்த ஃபேனுக்குக் கிட்ட வந்து இரிங்க, வேர்த்து ஊத்துது உங்களுக்கு.

ஊர் எங்க, பழுகாமமா? ரெண்டு மூண்டு வருசத்துக்கு முந்தி, சண்டை நடக்கக்குள்ள, வாவிக்கு அங்கால படுவான்கரையில இரிந்து ஒரு ஆள் வந்து, இந்தியாவுக்குப் போகக் காசு மாத்தித் தாங்க எண்டு கேட்டிருந்தா நான் சிரிச்சிருப்பன். இப்ப சண்டை முடிஞ்சு நாலு கிழமைதான், நாளுக்குப் பத்துப் பேர் வாறாங்க. எல்லாரும் இதே கேள்விதான். பேர்னாட் அண்ணன், கொஞ்சம் பொறுத்தா இறங்குமா?

மனிசிக்கு எண்டீங்க. பேரென்ன? அஜந்தா. செல் வெடிச்ச துண்டு, முதுகு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில. ஓம், ஓம். அத மெட்ராஸிலதான் எடுக்கோணும் எண்டு பெரிய டொக்டர் சொன்னா அதுதான் சரி. என்ன திகதி? இருபத்தாறா? அதுக்கு இன்னும் பத்து நாள்தானே தம்பி. பின்னுக்குப் போடலாம் எண்டு ஆரு சொன்ன? நீங்களே நினைச்சதா.

பொறுங்க, போன் அடிக்குது. கொழும்பு. ஓம், ஓம். சரி, வைங்க. அதே ரெண்டு நாப்பதுதான், அசையல்ல.

இஞ்ச பாருங்க, இது என்ட கொப்பி. ஒவ்வொரு நாளும் கடை திறந்த உடன அண்டைய விலைய எழுதுவன். இது ரெண்டாயிரத்து நாலு. வருசம் பிறக்கக்குள்ள ரெண்டு பதிமூண்டு. ஐப்பசி கடைசியில ரெண்டு இருபத்தேழு. மார்கழியில பாருங்க, ரெண்டு நாப்பது. சுனாமிக்கு முதல் கிழமையும் ரெண்டு நாப்பது, சண்டை முடிஞ்ச கிழமையும் ஒரு சதம் அங்கால இஞ்சால அதேதான். எவ்வளவு சனம் செத்திச்சு இடையில. இந்த எண்ணுக்கு அது ஒண்டும் தெரியாது.

எந்தப் பக்கத்தப் பாக்கிறீங்க? ஓம், அடுத்த வருசம் மாசியில ரெண்டு இருபத்தேழுதான். ஓம், இறங்கினதுதான். தம்பி, அத வைச்சு நீங்க கணக்குப் போடாதீங்க. கொப்பியக் காட்டினது என்ட பிழை, தாங்க இப்பிடி.

அது ஏன் இறங்கினது எண்டு தெரியுமா? கடல் வந்ததால. உலகம் முழுக்க இரிந்து நிவாரணக் காசு வந்து இறங்கிச்சு, நம்மட ரூவா நிமிந்துட்டுது. அப்பிடி ஒண்டு மறுகா வரட்டும் எண்டு காத்திரிக்கப் போறீங்களா?

இல்ல, கோவம் இல்ல. நான் நிண்டுகொண்டே கதைக்கிறன், இந்தக் கதை வந்தா எனக்கு இரிக்க ஏலாது.

எனக்கு ஒரு மகள் இரிந்தா. அஞ்சலா. ஏழு வயசு. இதயத்தில ஓட்டை. ரெண்டு படி ஏறினா உதடு நீலமாப் போகும். மெட்ராஸில செய்யலாம், இந்தியன் காசில ஒண்டரை லட்சம் எண்டாங்க. என்ட மனிசி ஜூலி கல்குடாவில இரிந்த அவட சீதனக் காணிய வித்தா. ஐப்பசி முடியக்குள்ள முழுக் காசும் கையில. திகதியும் தந்துட்டாங்க, மார்கழி பதினாலு, நத்தார்ப் பெருநாளுக்கு முந்தி. அஞ்சலா பிளேன்ல ஜன்னல் பக்கம் எனக்குத்தான் எண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைச்சிருந்தா.

அந்தத் திகதி தை பன்னிரண்டுக்குப் போயிட்டுது. அப்ப நத்தார் அம்மா வீட்ட எண்டு ஜூலி பிள்ளையக் கூட்டிட்டு கல்குடாவுக்குப் போனா. நான் ஞாயித்துக் கிழமை பின்னேர பஸ்ஸில போறதா இரிந்தன். காலையிலயே கடல் வந்துட்டுது. ஜூலி ஒரு பனையில தட்டுப்பட்டுத் தப்பினா. மாமியையும் பிள்ளையையும் மூண்டாம் நாள் கண்டெடுத்தம்.

மெட்ராஸுக்கும் கடல் வந்ததுதான். ஆனா அந்த ஆஸ்பத்திரி கடற்கரையில இல்ல, நல்லா உள்ளுக்கு. நான் அத வரைபடத்தில பாத்திரிக்கன், கனதரம்.

அழாதீங்க தம்பி. என்ன, எல்லாத்தையும் இண்டைக்கே மாத்தவா? சரி. நல்லது. அஜந்தாவ அந்தத் திகதிக்கே கொண்டு போங்க. பொறுங்க, ஆயிரம் தாள் கட்டு உள்ளுக்குக் கிடக்கு, எடுத்திட்டு வாறன்.

என்ன கேட்டீங்க? ஆஸ்பத்திரிக்காரனா திகதிய மாத்தினது? இல்ல. அவங்க மாத்தல்ல. அவங்க நல்ல மனிசர், ரெண்டு தரம் கோல் எடுத்து, பிள்ளைய நேரத்துக்குக் கொண்டு வாங்க எண்டு சொன்னவங்க. நான்தான் மாத்தின. ஐப்பசியில ரெண்டு இருபத்தேழுக்கு வாங்காம விட்டத ரெண்டு நாப்பதுக்கு வாங்க எனக்கு மனம் வரல்ல. கிட்டத்தட்ட இருபதாயிரம் வித்தியாசம். தையில இறங்கும் எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியும், இறங்கினதுதானே. வீட்டில ஒரு அலுவல் எண்டு அவங்களுக்குச் சொன்னன். ஜூலிக்கு, ஆஸ்பத்திரி திகதிய மாத்திப் போட்டுது எண்டு சொன்னன்.

அவ இண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சிரிக்கா. ஒவ்வொரு மார்கழியும் மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டு, அந்தத் திகதிய மாத்தினவன் நல்லா இரிக்க மாட்டான் எண்டு ஏசுவா. நான் பக்கத்தில நிண்டு, ஓம் எண்டு சொல்லுவன்.