பாரியோட பாஸ்வேர்டு

ஐயோ, அது எங்காண்ட இல்லம்மா! என்னாண்ட இன்னா, இந்தக் கன்டெய்னர் யார்டு மொதலாளிகிட்டயே இல்ல. அவ்ளோ ஏன், கம்ப்யூட்டருக்கே தெரியாதுன்னா பாத்துக்குங்கோ. உங்களப் பாத்துச் சிரிக்கலம்மா, கோச்சுக்காதீங்கோ. நேத்துலேர்ந்தே இப்டித்தான், சும்மா சும்மா சிரிப்பு வந்துகினே கீது. ஃபேனு பக்கமா ஒக்காருங்கோ. எர்ணாவூர் வெயில்ல நடந்து வந்துகீறீங்கோ.

புரியுதும்மா. ஞாயித்துக்கெழம வியாசர்பாடிக்குப் பொண்ணு பாக்கப் போவணும், உங்க புள்ள பாரி வரமாட்டேன்றாரு, வாயையும் தொறக்க மாட்டேன்றாரு. எவளோ ஒருத்தி மனசுல கீறா, ஆபீஸ் மெயிலத் தொறந்தா தெரிஞ்சுடும்னு வந்துட்டீங்கோ. கம்ப்யூட்டர் ரூமப் பாத்துக்கிற பொண்ணுகிட்ட பாஸ்வேர்டு இல்லாமயா போவும், அதானே?

இல்லவே இல்லம்மா! அடிச்சவுடனே மிசினு அத அரைச்சுடும். ஹாஷ்னு சொல்வாங்கோ. அரைச்சது மட்டுந்தான் உள்ள இருக்கும், கன்னாபின்னான்னு எழுத்தும் நம்பருமா. சட்னியிலேர்ந்து முழுத் தேங்காய எடுக்க முடியுமா, சொல்லுங்கோ? திருடன் பொட்டியோட தூக்கினு போனாலும் அவனுக்குச் சட்னிதான்!

அப்ப அவரு மட்டும் எப்டி உள்ள போறாரா? சூப்பராக் கேட்டீங்கோ! அவரு திரும்ப அடிப்பாரு, இது திரும்ப அரைக்கும், ரெண்டும் ஒண்ணான்னு பாக்கும். ஒரு எழுத்து மாறினாலும் மொத்தமும் வேற மாதிரி ஆய்டும். அதே பாஸ்வேர்ட அடிச்சா அச்சு அசல் அதேதான் வரும்.

அங்கதாம்மா எங்க ஆளுங்கோ மாட்டினாங்கோ! வண்டி நெத்தியில எழுதிகீற பேரத்தான் எல்லாரும் பாஸ்வேர்டா வெப்பாங்கோ. டிரைவர் மதார் சாகிப் பாய் மறந்துட்டார்னா வெளிய ஓடுவாரு, ட்ரெய்லர் முன்னாடி நின்னு படிச்சுட்டு வந்து அடிப்பாரு! பாரி பைக்குலதான் ஒரு பேரும் இல்லியே. அதான் நேத்து மத்தியானம், வேல இல்லாதப்ப, நானே ஒவ்வொரு பேரா அரைச்சு, அவரு சட்னியோட ஒத்துப் பாத்தேன். தப்புதான். இருக்கட்டும்.

மொதல்ல உங்க பேருதான் போட்டேன், வரலட்சுமின்னு. ஒத்து வரல. மொறைக்காதீங்கம்மா! அவரு கேரம் ஆடுற கிளப்பு பேரு, அதுவும் இல்ல. அப்புறம் யார்டுல வேல செய்ற பொண்ணுங்க. மலிகா இல்ல. தேவகிருபையப் போட்டப்போ எனக்கு உசுரே போய்டுச்சு. அவகூடத்தான் அவரு கலகலன்னு பேசுவாரு, என்னாண்ட வந்தா தரையப் பாத்துகினு நிப்பாரு. அவளும் இல்ல, அப்பாடா! கடசியா, சும்மா வெளாட்டுக்கு, ஒரு பேரு அடிச்சேம்மா. மொத எழுத்துலேர்ந்து கடசி நம்பர் வரைக்கும் அப்டியே வந்து நின்னுச்சு! நாலு தபா அடிச்சுப் பாத்தேன். அப்புறம் பாத்ரூமுக்கு ஓடிப்போயி அழுதேன், சந்தோசத்துல.

இன்னா பேரா? ஷாலு.

ஆமா, நாந்தான். வியாசர்பாடிக்கு வரலன்னு சொல்லிடுங்கோ. எங்க வூடு காலடிப்பேட்டைல, பூ மட்டும் வாங்கினு வந்தாப் போதும். அவராண்ட நீங்களே சொல்லிடுங்க அத்தை, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்கு இன்னும் தெரியாது.