நம்ம மெஷின் சொன்னா சரி

அதத் தொடாதம்மா. அந்தச் சுவிட்ச அமுக்குனா அணைஞ்சிரும், அணைஞ்சா மறுபடி எந்திரிக்க முக்கா மணி நேரம் ஆகும். சில நாளு எந்திரிக்கவே செய்யாது. கற்பூரம் காட்டி, மேல ரெண்டு தட்டு தட்டுனாத்தான் பச்சை எழுத்து வரும். சிரிக்காத. ஒங்க கடையில படிச்சவங்க இருக்கீங்க, வேற மாதிரி எழுப்புவீங்க. எனக்குத் தெரிஞ்சது இதான்.

ஒக்காரு. அந்த நாக்காலி வேண்டாம், காலு ஆடும், இதுல ஒக்காரு. பேரு என்ன சொன்ன, ஜெனட்டா? கம்ப்யூட்டர் கடையில இருந்து ஆளு வருதுன்னதும் பையன்தான் வருவான்னு பார்த்தேன். நீ ஒத்தையா அம்மாம் பெரிய பொட்டியத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி வர்ற. என் மக பவானேஸ்வரி வயசுதான் இருக்கும் ஒனக்கு. எழுபத்தஞ்சுல பொறந்தியா? அவ எழுபத்து மூணுல.

கழுத்துல சிலுவை போட்டிருக்க. வேதக்காரங்களா? அப்ப ஒங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. பாதிரியார் மூணு வாரம் கோயில்ல பேரு வாசிப்பாரு, யாரும் தடை சொல்லலன்னா கல்யாணம். எங்களுக்கு இருக்கிற கெரகம் எல்லாம் வந்து சம்மதிக்கணும். பொறந்த நாளு, பொறந்த நேரம், எந்த ஊரு, எல்லாத்தையும் இதுல அடிச்சா நட்சத்திரம் சொல்லும். ரெண்டு பேரோடதையும் போட்டா பொருத்தம் சொல்லும். பத்துக்கு எத்தனைன்னு வரும். அதுல ரஜ்ஜுன்னு ஒண்ணு இருக்கு, தாலி சம்பந்தப்பட்டது. அது இல்லன்னா மெஷின் கீய்ங்குன்னு கத்தும். அந்தச் சத்தம் கேட்டு இங்கயே மயங்கி விழுந்த அம்மாங்க இருக்காங்க. அதுக்குத்தான் அந்தக் கோடாலித் தைலம்.

என்ன? ஆமா, நாந்தான் போன் பண்ணுனேன். புது மெஷின், புது ஜாதகப் ப்ரோக்ராம், ஒரு வாரம் வச்சுப் பார்த்துட்டுப் பிடிச்சா வாங்கலாம்னு ஒங்க மொதலாளி சொன்னாரு. சொல்றேன் இரு, மொதல்ல மைலோ குடி. ஆறிப்போகுது.

இந்தப் பழசு எப்படி வந்துச்சுன்னா, ராமையா சாருன்னு ஒரு வாத்தியாரு. பென்சன் வாங்குன பொறவு கம்ப்யூட்டர் படிச்சு, அவரே ஒக்காந்து எழுதுனது. எண்பத்தாறுல எனக்குக் குடுத்தாரு. நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவதோட நின்னவ, எனக்கு எங்க இதெல்லாம்னு கேட்டேன். மூணு பட்டன் போதும் பாக்கியலட்சுமின்னாரு. மூணு பட்டன்தான் இன்னிய வரைக்கும். மத்ததெல்லாம் எதுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது, தொட்டதும் இல்ல. அவரு போய்ச் சேர்ந்து ஏழு வருசம் ஆச்சு. அந்தப் பெரிய தட்டு இருக்கில்ல, ஆமா அந்தக் கறுப்பு பிளாப்பி, அதுதான் உசுரு. பிஸ்கட் டின்னுல அரிசி போட்டு உள்ள வச்சிருக்கேன், ஈரம் ஏறக் கூடாதுன்னு.

பழசுதான், யாரு இல்லன்னா. ரெண்டாயிரத்துல நின்னுரும்னு ஒங்க மொதலாளியும் சொன்னாரு. பூஜ்யம் பூஜ்யம்னு அடிச்சா அன்னிக்குப் பொறந்த பிள்ளைக்கு நூறு வயசுன்னு காட்டுமாம். அதுக்கு இன்னும் ஒண்ணரை வருசம் கெடக்குலா. ஆனா ஒண்ணு சொல்றேன், இது மாதிரி சரியா சொல்ற மெஷின் மலாக்காவுல கெடையாது. ஏன்னு கேளு.

எண்பத்திரண்டாம் வருசம் ஜனவரி ஒண்ணாந் தேதி, நாடு பூரா கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளுனாங்களே, ஒனக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பிள்ளை. எங்க வீட்டுக்காரரு சேகரன், அப்ப சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துல வேலை. முன்னால தள்றதுக்குப் பதிலா பின்னால தள்ளி வச்சுட்டாரு. மறுநாளு காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு ஒரு மணி நேரம் லேட்டு. கங்காணி கேட்டதுக்கு, எங்க வீட்டுல கவர்மண்டு உத்தரவு வேற மாதிரி வந்துச்சுன்னு சொல்லியிருக்காரு. அந்த மனுசன நம்பித்தான் இருபத்தாறு வருசமா குடும்பம் நடத்துறேன்.

அப்ப, எண்பத்திரண்டுக்கு முன்னால பொறந்தவங்களுக்குப் பழைய நேரக் கணக்கு, அதுக்கப்பறம் பொறந்தவங்களுக்குப் புது நேரக் கணக்கு. சரியா? ராமையா சாரு பழைய கணக்க வச்சே எழுதிட்டாரு. கல்யாணத்துக்கு வர்றதெல்லாம் எண்பத்திரண்டுக்கு முன்னால பொறந்ததுங்கதானே. கொழந்தைங்க ஜாதகம் வந்தா நான் கையால அரை மணி நேரம் கழிச்சு அடிப்பேன். அந்தா, செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேன் பாரு.

இந்தப் புது ப்ரோக்ராம் இருக்கே, இந்தியாவுல பண்ணுனது. அவங்களுக்கு நம்ம ஊரு கடிகாரக் கதை எப்படித் தெரியும்? எல்லாருக்கும் புதுக் கணக்கையே போட்டுருது. பஸ் ஸ்டேஷன் பக்கத்துல கேசட் கடைக்காரரு ஒருத்தரு வாங்கி வச்சிருக்காரு. கலரு கலரா அடிச்சுத் தருவாரு, மேல பிள்ளையாரு படம் வேற. சனங்க படத்தப் பார்த்து மயங்கிருது. பொறந்த நேரத்துல அரை மணி நேரம் பெசகுனா நட்சத்திரமே மாறிப் போயிரும், எல்லாருக்கும் இல்ல, நட்சத்திரம் மாறுற ஓரத்துல பொறந்தவங்களுக்கு. நான் வர்றவங்க போறவங்க எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன், அந்தப் பேப்பர நம்பாதீங்கன்னு. எங்க வீட்டுக்காரரு கோயிலு கூட்டத்துலயே எந்திரிச்சுச் சொன்னாரு, நம்ம மெஷின் சொன்னா சரின்னு. அதுக்கு வேற அவருக்குக் கை தட்டுனாங்க.

இதுல இன்னொண்ணு. இந்தப் பன்னண்டு வருசத்துல ஒருத்தருக்குக்கூட நான் நேரத்த மாத்தி அடிச்சதில்ல. பெத்தம்மாள்னு புக்கிட் காத்தில் ஊருல ஒரு அம்மா. பொண்ணு பொறந்த நேரத்தக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க பாக்கியம்னு ரெண்டு நாட்டுக்கோழியோட வந்துச்சு. முடியாதுன்னுட்டேன். கோழி மாடிப்படியில எறங்கி ஓடிருச்சு, கீழ சீனன் கடைக்காரரும் நானும் அந்தம்மாவும் பிடிச்சோம். கோழியக் கையில குடுத்து அனுப்புனேன். எங்கிட்ட அது நடக்காது.

புதுசு எதுக்குன்னுதானே மறுபடியும் கேக்குற? சொல்லாம விட மாட்ட போலிருக்கே.

பவானி குருபோங்குல இருக்கிற பேக்டரில வேலை செய்றா. அங்க கவிநேசன்னு ஒரு பையன், மெஷின் ரிப்பேரு பார்ப்பான். நல்ல பையன்லா. ஒரு தடவை இங்க வந்து இந்த பிரிண்டர ரிப்பேரு பண்ணிக் குடுத்தான், காசு வாங்கல. அப்பவே எனக்குப் புரிஞ்சுச்சு, பிரிண்டருக்கு வந்த பையன் இல்லன்னு. அவங்கம்மா மட்டுந்தான், அப்பா இல்ல. வந்து கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு யோசிச்சு யோசிச்சு, சரி, நம்ம மெஷின் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்னாரு.

இந்த நாக்காலிலதான் ஒக்காந்து அடிச்சேன். பவானி பின்னால நிக்கிறா. அவளுக்கு ஆயில்யம், அது தெரிஞ்சதுதான். பையனுக்கு ரேவதி. மூணாவது பட்டன அமுக்குனேன். கீய்ங்.

பவானி பேப்பரக் கிழிச்சு, ஓரத்து ஓட்டையெல்லாம் நீவி, மடிச்சு அவங்கப்பா கையில அவளே குடுத்தா. நாலு பொருத்தம், ரஜ்ஜு இல்ல. போதாததுக்கு ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு ராமையா சாரு கீழ ஒரு வரி எழுதி வச்சிருக்காரு, அது தானா வந்து விழுது. மூணு வாரம் ஆச்சு. அழுதாக்கூடப் பரவால்ல. பேக்டரி பஸ்சு வந்துருச்சாம்மான்னு கேக்குறா, அதத் தவிர எங்கிட்ட பேச்சு இல்ல.

போன திங்கக் கெழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, தலையில துண்டு சுத்திக்கிட்டு, கேசட் கடைக்குப் போனேன். போனதும் வாங்க பாக்கியம் அக்காங்கிறாரு அவரு. என்ன செய்றது, வந்தாச்சு. குடுத்தேன் ரெண்டு ஜாதகத்தையும். பையனுக்கு அங்கயும் ரேவதிதான். பவானிக்குப் பூசம். அரை மணி நேரத்துல இந்தப் பக்கம் வந்து விழுந்துட்டா பிள்ளை. ஏழு பொருத்தம். ரஜ்ஜு இருக்கு. மாமியாருக்கு ஒரு கொறையும் இல்ல.

தப்புத்தான். எனக்குத் தெரியாதா தப்புன்னு? இவ்வளவு நேரம் ஒனக்கு அதத்தானே சொன்னேன்.

அந்தக் கலரு பேப்பர வீட்டுல காட்ட முடியாது. அது பொய்ப் பேப்பருன்னு சொல்லிச் சொல்லி அவர நாந்தானே பழக்கி வச்சிருக்கேன். இந்தப் பழசுலயே அரை மணி நேரம் கொறச்சு அடின்னு சொல்லுவ. அடிச்சா அந்த நேரம் பேப்பர்ல விழும். மக பொறந்த நேரம் மத்தியானம் ரெண்டு பத்துன்னு அவருக்கு மனப்பாடம், மத்ததெல்லாம் மறந்துரும், இது மறக்காது. அது இல்லன்னாலும், நேரத்த மாத்துனா பொய் சொன்னது நானு. புது மெஷின்ல அவ பொறந்த நேரத்த உள்ளபடி அடிச்சேன்னா, நான் எங்க பொய் சொன்னேன்? அது சொல்லுது. இல்லையா?

சிலுவை போட்டுக்கிட்டு அப்படிப் பார்க்காத. பையனோட அம்மாகிட்ட ஒளிக்கல, ஆயில்யம்னு சொல்லிட்டேன். எனக்குப் பிரஷரும் சக்கரையும் வந்து பத்து வருசம் ஆச்சு, இனிமே புதுசா என்ன வந்துரப் போகுது, பிள்ளைய அனுப்புங்கன்னாங்க. அவங்களே பயப்படல. இந்த மனுசன்தான் மெஷினப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

அஞ்சு மணிக்கு வந்துருவாரு. நீ அந்தப் பொட்டியப் பிரிச்சு, இந்த மேசையிலயே வையி. நம்ம மேசையில இருந்தா நம்ம மெஷின்தானே. ஒயர இந்தப் பழைய பிரிண்டர்ல மாட்டு, அதே ஓட்டை வச்ச பேப்பர்ல வரட்டும். பிள்ளையாரு படம் வராம மட்டும் பார்த்துக்க. அவரு முன்னால நானே அடிக்கிறேன், எந்த மூணு பட்டன்னு மட்டும் காட்டிக் குடு.

ஒரு வாரமெல்லாம் வேண்டாம்மா. ஒரே ஒரு பேப்பரு. ஆறு மணிக்கு நீ வந்து அதத் தூக்கிட்டுப் போயிரு, பழச இதே எடத்துல வச்சுட்டு. நாளைக்குக் காலையில ராமாத்தாள் அக்கா மகளுக்குப் பொருத்தம் பார்க்க வருது. அடுத்தவங்க பிள்ளை வாழ்க்கை, தப்பா அடிச்சுக் குடுக்க முடியுமா?