ஊசியும் கொக்கியும்

பழைய துப்பாக்கிக்கு உதிரிபாகம் தேடுவது பழைய தையல் மெஷினுக்குத் தேடுவதைவிடச் சுலபம், ஐயா. எங்கள் மலைப்பக்கத்தில் பாதி வீட்டு அலமாரிகளில், கம்பளிக்கு அடியில், தாத்தா காலத்து ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று கிடக்கும். எல்லாம் ஒரே அச்சு. ஒன்று வீணாய்ப் போனால் அதைப் பிரித்து நாலைப் பிழைக்க வைக்கலாம். முப்பத்தெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பூட்டும் பழுது பார்ப்பேன்.

மிலுன் கொண்டுவந்ததும் அந்த ரகம்தான். என் மகள் தாரிங்காவுக்கு நிச்சயித்த விதோயேயின் அண்ணன் அவன். நல்லவன், வாய்தான் ஓயாது.

"மாமா, எங்க தாத்தாவோடது. ஊசி மொன ஒடஞ்சு போச்சு. கல்யாணத்தன்னிக்கு இதாலதான் ஆப்பிள அடிப்பேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்" என்றான்.

"வேட்டைத் துப்பாக்கின்னா சுலபமா விழுமேடா."

"அதால என் பொண்டாட்டிகூட அடிப்பா. நீங்க ஆப்பிளுக்குப் பதிலா பூசணிக்காயக் கட்டிருங்க மாமா, போதும்."

பேசிக்கொண்டே துப்பாக்கியின் பிடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். அடம்பிடிக்கும் சாமான் எதையும் அப்படித் தட்டுவது அவன் பழக்கம்.

நீங்களும் இந்த ஊரில் பெண் எடுத்தவர்தானே. பெண் வீட்டு முற்றத்தில் உயரமான கம்பத்தின் நுனியில் ஆப்பிளைக் கட்டுவோம். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு வீழ்த்தும்வரை பெண் வாசலைத் தாண்டமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனேன். ராணுவ ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரெத்தென், காபி டப்பாக்களில் உதிரிபாகம் வைத்து விற்பார். தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் அந்த ஊசியில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காத புதியது ஒன்றை எடுத்தேன். தேய்ந்தது ஒன்றையும் கேட்டேன்.

"இது எதுக்குய்யா, பல்லு குத்தவா?" என்றார். அளவு பார்க்க என்றேன்.

புது ஊசி கச்சிதமாக உட்கார்ந்தது. ஓடைப்பள்ளத்தில் எட்டுத் தோட்டா சுட்டுப் பார்த்தேன், எட்டும் வெடித்தன. அந்த வேலையில் குறை சொல்ல யாராலும் முடியாது.

வீட்டுக்கு வந்தால் தாரிங்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். விதோயேவுக்கு ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில், தரைக்கு ஓடு பதிக்கும் வேலை.

"அப்பா, கம்பத்தக் கொஞ்சம் தாழ்த்தி நடுங்கப்பா. மிலுன் அண்ணன் குறி ஊருக்கே தெரியும். சாயங்காலம் வரைக்கும் நான் உள்ளயே உக்காந்திருக்கணும்."

"அப்படி என்னம்மா அவசரம்?"

"திங்கக்கிழம பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சுப்பா."

அவளுக்கு ஒன்பது வயதில் தாய் போய்விட்டாள். தலைபின்னி விட்டது நான், காய்ச்சலில் கூடவே கிடந்தது நான். அன்று பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் இல்லாத வீட்டில் பீன்ஸ் சூப்பை யாருக்காக அடுப்பில் வைப்பேன்? அழுது முடித்ததும் நல்ல ஊசியைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததை மாட்டினேன். அது மூன்று முறைக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஆப்பிள் விழாது, கேலி வரும், கேலி முற்றிச் சண்டையாகும், கல்யாணம் நின்றுபோகும். இந்தப் பக்கத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கல்யாணம் நின்றிருக்கிறது.

கல்யாணத்தன்று, நான் நினைத்ததுபோலவே முதல் தோட்டா வெடிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்.

"துப்பாக்கிக்கே பொண்ண அனுப்ப மனசில்லடா!"

"போய் உண்டிவில் எடுத்துட்டு வாங்கடா மாப்பிள்ள வீட்டுக்காரங்களா!"

மிலுனும் சிரித்தான். முகம் மட்டும் சிவந்துவிட்டது. மூன்றாவது தோட்டாவை ஏற்றி, துப்பாக்கியைத் தாழ்த்தி, பிடியை உள்ளங்கையில் தட்டினான். விசையில் விரல் இல்லை. வெடித்தது. பக்கத்தில் கிளாசும் கையுமாக நின்ற விதோயே, களைத்துப்போனவன் மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்தான். தாரிங்கா வெள்ளை உடையோடு வாசலைத் தாண்டி ஓடிவந்தாள்.

பழைய துப்பாக்கி, குடித்தவன் கை, அஜாக்கிரதை என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். தம்பியின் சாவுக்காக மிலுன் உள்ளே போய் நான்கு மாதமாகிறது. ஊசியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் தேய்ந்த ஊசியால் தட்டினதற்கெல்லாம் துப்பாக்கி வெடிக்காது. விவரம் தெரிந்த யாரும் அதைச் சொல்லிவிடுவார்கள்.

சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ஒன்று உள்ளே உண்டு. அதையும் நான் மாற்றினேன். அதிர்ந்தால் பிடியை விட்டுவிடும் கொக்கி. ஊசி ஏமாற்றினால் மிலுன் தட்டுவான் என்று எனக்குத் தெரியும். விதோயே கூச்சப்பட்டுக் கூட்டத்தின் பின்னால்தான் நின்றிருந்தான். நான்தான் பிளம் சாராயம் ஊற்றிக் கையில் கொடுத்து, "அண்ணன் பக்கத்துல போய் நில்லுப்பா, அவனுக்கு ஒரு தைரியமா இருக்கும்" என்று அனுப்பினேன். கையிலோ காலிலோ படும் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் ஞாபகம்.

தாரிங்கா லின்ஸ் போகவில்லை. கறுப்பு உடுத்திக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பேசுவதில்லை, காலப்போக்கில் பேசுவாள். ஆனால் வியாழக்கிழமை தவறாமல் பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சிறைக்கு மிலுனைப் பார்க்கப் போகிறாள். "விரலே வைக்கல தாரிங்கா" என்று அவன் அழுகிறானாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இவள் நம்புகிறாள். போன வாரம் பெட்டியை மறுபடி எடுத்துவிட்டாள். மிலுனின் தாய் படுத்த படுக்கையாகிவிட்டாளாம், அவளோடு போய் இருக்கப் போகிறாளாம்.

அதனால்தான் வந்தேன், ஐயா. மிலுனை விட்டுவிடுங்கள். அவன் தாயை அவன் பார்த்துக்கொள்ளட்டும், என் மகள் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

என்னையும் அதே சிறையில்தான் வைப்பீர்கள் என்று வெளியே இருந்த காவலர் சொன்னார். நல்லதாகப் போயிற்று, அவளுக்கு வழி பழக்கம். வியாழக்கிழமைப் பார்வையாளர் பட்டியலில் தாரிங்கா என்று எழுதிக்கொள்ளுங்கள், வேறு பெயர் வேண்டாம்.